ஓவல்டின் டப்பாவில் பதினோரு தலைகள்: பிடித்த வெள்ளி ரூபாய் எது என்பது பற்றிய ஓர் ஆய்வு

அமெரிக்காவில் நாணயம் சேர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், மார்கன் வெள்ளி டாலரில் உமக்குப் பிடித்தது எந்த வருஷத்துக் காசு என்று கேட்ட பிறகுதான் மற்ற பேச்சாம். மயிலாப்பூரில் இத்துறை இன்னும் வளரவில்லை. காபிப் பொடியில் சிக்கரி எத்தனை பங்கு என்பதில் காட்டும் கறாரை வெள்ளி ரூபாய் விஷயத்தில் இங்கே யாரும் காட்டுவதில்லை. இக்குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

ஆய்வுக்களம், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டு பீரோ. தரவு, அதன் மேல்தட்டில் உள்ள ஓவல்டின் டப்பா. உள்ளே பதினோரு ரூபாய்: விக்டோரியா நான்கு, ஏழாம் எட்வர்ட் இரண்டு, ஐந்தாம் ஜார்ஜ் நான்கு, ஆறாம் ஜார்ஜ் ஒன்று. வரலக்ஷ்மி விரதத்துக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் டப்பா திறக்கப்படும்; ஒரு காசு கலசத்துக்குள் போகும்; மற்றவை மறுநாள் பூஜை முடிந்ததும் உள்ளே போய்விடும். ஆகவே ஆய்வாளருக்குக் கிடைக்கும் அவகாசம், பாட்டி குளித்துவிட்டு வருவதற்குள் சுமார் இருபது நிமிஷம்.

முதலில் இலக்கணம். வெள்ளி ரூபாய் எனப்படுவது, கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் எல்லா மாகாணங்களுக்கும் பொதுவாக அடித்த அளவில் வந்த காசு. எடை ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதற்கு முன் சென்னையில் நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன், எண்பது காசு ஒரு பணம்; அந்த வாய்ப்பாட்டை ஒப்பித்த பிள்ளைகளின் முதுகை நினைத்தால், கம்பெனியை இந்த ஒன்றுக்காவது மன்னிக்கலாம் போலிருக்கிறது. ரூபாய் வந்தபின் அதுவே எடைக்கல்லும் ஆயிற்று. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. கொள்ளுப்பாட்டியின் ஊறுகாய்க் குறிப்பில் ‘பெருங்காயம் ரெண்டு ரூபா எடை’ என்று இருப்பதைப் படித்துவிட்டு அடையாறு அத்தை இரண்டு ரூபாய்க்குப் பெருங்காயம் வாங்கப் போன சம்பவம் தனி ஆய்வுக்குரியது.

முதற்சோதனை, சுண்டல். நவராத்திரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காசை விரல் நுனியில் நிறுத்திக் கட்டைவிரல் நகத்தால் சுண்டினால் நல்ல வெள்ளி நீளமாகப் பாடும். விக்டோரியா பாடினாள். எட்வர்ட் பாடினார். ஆறாம் ஜார்ஜ் மட்டும் ‘டொக்’ என்றார். அவர்மேல் பழியில்லை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-இல் புலி போட்டு வந்த ரூபாயில் அந்தப் பாதியும் கிடையாது, முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். மூன்றாவது தடவை சுண்டும்போது குளியலறையிலிருந்து குரல் வந்தது: “ஏண்டா, அம்பாளுக்கு வெக்கற காசுடா அது! டாஸ் போட்டுண்டிருக்கியா?” சோதனை கைவிடப்பட்டது.

இரண்டாம் சோதனை, எடை. பூஜை முடிந்த சனிக்கிழமை, டப்பாவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தி.நகரில் ஒரு வெள்ளிக் கடைக்குப் போனேன். மின்தராசில் எட்வர்ட் 11.31 கிராம்தான் நின்றார். காணாமற்போன அந்த 0.35 கிராம் எங்கே? விடை எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தது. வருஷா வருஷம் பாட்டி காசுகளைப் புளி போட்டு ஊறவைத்து, விபூதி வைத்து அழுத்தித் தேய்க்கிறாள். எட்வர்ட் ஏற்கெனவே மகுடம் இல்லாமல் காசில் ஏறியவர். எங்கள் வீட்டில் அவர் பெயரே மொட்டை ராஜா. அறுபது விரதங்களுக்குப் பிறகு தாடியும் போய்விட்டது. பக்கிங்ஹாம் அரண்மனையில் இருந்தவர் புளித்தண்ணீரோடு சாக்கடை வழியாக எங்கள் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்திருக்கிறார் என்பதே இந்த ஆய்வின் துணிபு.

கடைக்காரரிடம், இதில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். “ஆறாம் ஜார்ஜைத் தவிர எல்லாம் ஒரே டச்தான் சார். உருக்கினா ராணி ஏது, ராஜா ஏது?” என்றார். அப்போது இந்த வாக்கியத்தின் கனம் எனக்குப் புரியவில்லை.

இனி அருமை பற்றி. 1939 என்று போட்ட ரூபாய் மிக அரிது என்பார்கள். அதனாலேயே போலியும் ஏராளம். டப்பாவில் இல்லை, பேச்சும் இல்லை. விக்டோரியா ரூபாயில் வேறு தொல்லை. 1862 என்று ஒருமுறை அச்சில் வெட்டிவிட்டு, அதற்கப்புறமும் பல வருஷம் அதே தேதியைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த வருஷத்துக் காசு என்று பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ணி ஊகிக்க வேண்டும். பாட்டி தேய்த்த காசில் புள்ளி எண்ணுவதாவது!

எல்லோரும் தேடுவது 1911-ஆம் வருஷத்து ‘பன்றி ரூபாய்’. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் பெர்ட்ராம் மெக்கனல் ஒரு யானையைச் செதுக்கினார். தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டது. பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். முஸ்லிம்கள் மனம் புண்பட்டு எதிர்த்தார்கள். காசு திரும்பப் பெறப்பட்டது. 1912-இல் தும்பிக்கையும் காதும் சரியாகத் தெரியும் யானை வந்தது. பன்றி உருவத்தாலேயே ‘வராகன்’ என்று பெயர் வாங்கிய காசு பல நூற்றாண்டு புழங்கிய ஊர் இது. அதே உருவம் தவறிப்போய் வந்து விழுந்தபோது உருக்க அனுப்பிவிட்டார்கள். எங்கள் சித்தப்பா நாற்பது வருஷமாக லென்ஸ் வைத்துப் பார்க்கிறார், எல்லாம் யானைதான்.

மிஞ்சியது 1918-உம் 1919-உம். சாதாரணக் காசுகள், கோடிக்கணக்கில் அடித்தவை. சேர்ப்பவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அவை வந்த வழியைப் பாருங்கள். முதல் உலகப் போரில் ஜனங்கள் காகித நோட்டை நம்பவில்லை. வெள்ளி கொடு என்று கஜானா வாசலில் நின்றார்கள். 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தும் கூட்டம் குறையவில்லை. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோது பிரிட்டன் அமெரிக்காவிடம் கையேந்தியது. 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மன் சட்டம் நிறைவேறியது. சுமார் 27 கோடி வெள்ளி டாலர்கள் உலையில் போயின. அதில் 26 கோடியை நெருங்கிய வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, பாளம் பாளமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறி, பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரூபாயாயிற்று. சென்னைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இங்கே நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள், தங்கசாலைத் தெரு என்ற பெயர்தான் மிச்சம்.

ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். அந்த மார்கன் டாலரில் இருக்கும் பெண்முகத்துக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் ஆனா வில்லியம்ஸ், பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியை. ஆக, ஐந்தாம் ஜார்ஜின் தாடிக்குள் ஒரு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். ராணி ஏது, ராஜா ஏது என்று தி.நகரில் சொன்னது இதைத்தான்.

இரண்டில் எது? 1918 என்றால் சந்தேகம் வருகிறது. ஜனவரியில் அடித்த காசாக இருந்தால் டீச்சர் அப்போது அமெரிக்காவை விட்டே கிளம்பவில்லை. 1919-க்கு அந்த ஆட்சேபம் இல்லை. ஆகவே 1919 ரூபாயே பிடித்த ரூபாய் எனத் தீர்மானிக்கப்படுகிறது. பாட்டியிடம் முடிவைச் சொன்னேன். “அதுவா? அது சித்த பளபளன்னு இருக்கும். அதைத்தான் கலசத்துல போடறேன்” என்றாள்.

பம்பாயில் அடித்ததா, கல்கத்தாவா என்பது மட்டும் பாக்கி. பின்பக்கம், கீழே உள்ள தாமரைக்கு அடியில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. எங்கள் வீட்டுக் காசில் அந்த இடம் புளியோடு போய்விட்டது. உங்கள் வீட்டு டப்பாவில் 1919 இருந்தால், தேய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.