கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும் முன்...

குறைந்த செலவில் வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன். எதில் கஞ்சத்தனம் காட்டலாம்?

கேபினெட்டில் மின்னுகிற கலர் விளக்குகளில். அவை ஒரு ஷாட்டைக்கூட வெட்டித் தராது. பவர் சப்ளையில் மட்டும் வேண்டாம். அது போனால் தனியாகப் போகாது, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டுதான் போகும்.

இன்டெல் பிராசஸரில் 'எஃப்' என்று முடிவது விலை குறைவாக இருக்கிறதே?

இருக்காதா பின்னே? உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் வேலை செய்யாது என்பதற்குத்தான் அந்த எஃப். அதோடு 'குவிக் சிங்க்' வசதியும் அம்பேல். செல்போனில் எடுத்த ஹெச்.264, ஹெச்.265 வீடியோக்களை டைம்லைனில் திக்காமல் ஓட வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கேம் ஆடுகிறவர்கள் தனி கார்டு போட்டுக்கொண்டு எஃப் வாங்கட்டும். நீங்கள் கூடுதல் பணம் கொடுத்து ஓர் எழுத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

16 ஜிபி ரேம் ஒன்றா, 8 ஜிபி இரண்டா?

ஒற்றை மாட்டைப் பூட்டியா ஏர் ஓட்டுவீர்கள்? இரண்டு எட்டு போடுங்கள், டூயல் சேனலில் வேகம் கிடைக்கும். போர்டில் நாலு ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 4கே பக்கம் போனால் 32 கேட்கும்.

"பழைய சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப்போகிறாய்?" என்கிறான் என் நண்பன்...

ஆப்பிள் 2011-லேயே கைகழுவிய ஃபைனல் கட் புரோ 7-ல்தான் 'பாரசைட்' படத்தை எடிட் செய்தார்கள். படம் வந்தது 2019-ல். எடிட்டிங்குக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. புது சாஃப்ட்வேரில் நண்பர் கிழித்தது எது, கேட்டுச் சொல்லுங்களேன்?