இருக்கட்டும் சார்

எங்கள் ஆபீஸ் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளும் அட்மினிடம் ஒரு போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள், கேள்வி கேட்காமல் திறப்பார். மூடச் சொல்லிப் பாருங்கள். ஸ்கிரிப்டில் அந்த விதியின் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறியைப் போட்டு அதைச் செயலிழக்க வைத்துவிட்டு, "இருக்கட்டும் சார், தேவைப்பட்டா எடுத்துக்கலாம்" என்பார். அழிப்பது என்பது அவர் வம்சத்திலேயே கிடையாது.

அந்த ஹேஷ்கூட நச்சரித்தால்தான் விழும். எங்கள் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும். விடுவதோ தடுப்பதோ, முதலில் பொருந்தும் வரியோடு தீர்ப்பு முடிந்தது. ஆகவே புது வரியை எல்லாவற்றுக்கும் மேலே செருகிவிடுவார். அடியில் கிடப்பதெல்லாம் பாட்டி வீட்டுப் பரண். எந்த வரியில் எத்தனை பாக்கெட் சிக்கியது என்று ஐபிடேபிள்ஸே எண்ணிக் காட்டும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஃபேக்ஸ் சர்வருக்கு வழி: பூஜ்யம். வேலையை விட்டுப்போன மேனேஜர் வீட்டு ஐபி: பூஜ்யம். எப்போதோ கணக்குத் தீர்த்தனுப்பிய வெண்டருக்கு எஃப்டிபி, போர்ட் 21: பூஜ்யம் இல்லை. யாரோ வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா, யூஸ் ஆகுது!" என்றார் வெற்றியோடு.

ஐபிடேபிள்ஸுக்கு மாற்றாக 2014-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் என்எஃப்டேபிள்ஸ் வந்தது. "அது இன்னும் செட் ஆகலை சார்" என்று இன்றைக்கும் ஒதுக்கிவைத்திருக்கிறார். எங்கள் சர்வர் டெபியன். 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, அவர் ஐபிடேபிள்ஸ் என்று அடிப்பதே உள்ளுக்குள் என்எஃப்டேபிள்ஸ் விதியாகத்தான் போய் உட்காருகிறது. அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

ராத்திரி அந்த விதிகளை ஏற்றும் ஸ்கிரிப்டை ஓட்டுமுன், சில நிமிடங்களில் பழைய விதிகள் தானாகத் திரும்பிவர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் என்டரைத் தட்டுவார். தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டு, விடியற்காலையில் சர்வர் ரூமுக்கு ஓடியவர்களுக்குத்தான் அந்த ஜாக்கிரதை வரும்.

எல்லாம் சரி, அந்த ஸ்கிரிப்ட் அவருடைய ஹோம் டைரக்டரியில்தான் இருக்க வேண்டுமா? கிட்டில் ஏற்றிவைத்தால் என்ன குறைந்துபோகும்? மச்சினி கல்யாணத்துக்கு அவர் போன அன்று பில்லிங் நின்றது. நாதஸ்வரத்துக்கு நடுவே ஃபோனில் கத்தினார்: "மேலே செருக மைனஸ் பெரிய ஐ சார், பெரிய ஐ! சின்ன ஐ போட்டா இன்டர்ஃபேஸ்!"

வரி ஏறியது, பில் அடித்தது.

"மேலே கமென்ட்ல உங்க பேரைப் போட்டுடுங்க" என்றார். "என் பேர் வேண்டாம்."