கர்சீப் போட்ட சோபா

சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் பெரியப்பா சோபாவின் இடது ஓரத்தில் கர்சீப் போட்டுவிடுவார். வீட்டில் இருப்பது அவரும் பெரியம்மாவும்தான். அந்த இடத்துக்குப் போட்டி போட நங்கநல்லூரில் யாரும் கிளம்பி வரப்போவதில்லை. ஆனால் மயிலாப்பூர் சபாக்களில் நாற்பது வருஷம் கர்சீப் போட்டு இடம் பிடித்த கை அது. ஏழு மணி நாடகம் என்றால் தானாகவே ஜேபிக்குள் போய்விடும்.

ஆறேமுக்காலுக்கு வேஷ்டி, கஞ்சி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எனக்கு போன் வரும்.

"டேய், ஹெச்டிஎம்ஐ எந்த ஓட்டைடா?"

போன வாரம் சொன்ன அதே ஓட்டைதான். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே கரண்ட் கொடுத்தவர் என்பதால் நான் இதை வெளியில் சொல்வதில்லை.

இவரைப் போன்றவர்களுக்குச் சோபா ரசிகர் என்று பெயர் வைத்திருக்கிறேன். 2020 மார்ச்சில் சபாக்கள் கதவைச் சாத்தியபோது பிறந்த இனம். கதவு திறந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் பிளாக்குக்கு ஒருத்தர் தேறுவார். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் மூன்று மாடிக்குள் ஷேக்ஸ்பியரை முடித்துவிடுவார்.

வீட்டில் உட்கார்ந்து நாடகம் ரசிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவான். முகமே தெரியாமல் முழுப் படத்தையும் காதால் பார்த்து, சரியான இடத்தில் அழுத வீடுகள் இவை. 'திருவிளையாடல்' வசனத்தையும் 'விதி' படத்து கோர்ட் சீனையும் ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்த ஊர் இது. தூர்தர்ஷனில் செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் டி.வி. இருக்கும் வீட்டு வாசலில் செருப்பு குவியும். ஆனால் அதிலெல்லாம் ஒரு கட்டாயம் இருந்தது. நீங்கள் ரேடியோவை நிறுத்தலாம்; நாடகம் நிற்காது. பால்காரர் வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நாம்தான் அதன் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

இப்போது பெரியப்பாவின் கையில் ஒரு ரிமோட் இருக்கிறது. அதில் இரண்டு கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கிறது. கதை இங்கேதான் கெட்டது.

ஊரடங்கின் முதல் மாதத்தில் லண்டன் நேஷனல் தியேட்டர், தான் படம் பிடித்து வைத்திருந்த நாடகங்களை யூடியூபில் வியாழக்கிழமைதோறும் இலவசமாகப் போட ஆரம்பித்தது. ஏப்ரல் 2 அன்று முதல் நாடகம், 'ஒன் மேன், டூ கவ்னர்ஸ்'. இரண்டு முதலாளிகளிடம் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிற ஒருத்தனின் திண்டாட்டம். கோல்டோனி என்ற இத்தாலியர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய நாடகத்திலிருந்து கிளைத்தது. பெரியப்பாவோ ஐந்தாவது நிமிஷத்திலேயே, "நம்ம கிரேஸி மோகன் கையில கெடைச்சிருக்கணும்டா" என்றார்.

அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே இரவு 11.30. ஒரு வாரம் முழுக்க யூடியூபிலேயே இருக்கும், மறுநாள் காலை காபியோடு பார்க்கலாம் என்று எத்தனையோ சொன்னேன். "முதல் ஷோன்னா முதல் ஷோதான்" என்று பிளாஸ்கில் காபியோடு உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டே முக்காலுக்கு ரிமோட்டை அழுத்தி, உள்ளே பார்த்து, "இண்டர்வெல்!" என்று குரல் கொடுத்தார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த பெரியம்மா, "கேன்டீன் மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் போனில், "முதல் பாதி பிரமாதம்டா" என்றார். இரண்டாம் பாதி? "சாயந்திரம் பார்த்துக்கலாம்." அந்தச் சாயந்திரம் வருவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது, நாடகமும் போய்விட்டது.

சோபா ரசிகரின் இலக்கணம் இதுதான்: அவர் முதல் பாதி ரசிகர். சபாவில் இவருக்கு வலது பக்கம் எட்டு முழங்கால், இடது பக்கம் ஆறு முழங்கால். எந்தப் பக்கம் தாண்டி வெளியே போகவும் வெட்கப்பட்டே நாற்பது வருஷ நாடகங்களை முழுசாகப் பார்த்துவிட்டார். வீட்டில் தாண்டுவதற்கு முழங்கால் இல்லை. பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும் விஞ்ஞானி வேஷத்தையும் பூதத்தின் வேஷத்தையும் மாற்றி மாற்றி நடித்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' 2011-இல் மேடையேறியது. அதன் இரண்டு பதிப்பையும் ஊரடங்கில் அடுத்தடுத்த நாள் போட்டார்கள். பெரியப்பா இரண்டையும் பார்த்தார். இரண்டிலும் முதல் பாதி.

"ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணுதானடா?"

கணக்கு சரிதான். பூதம் கடைசியில் என்ன ஆயிற்று என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

இதனால் பேச்சு எதுவும் குறைந்துவிடவில்லை. நாடகம் பற்றிய ஜூம் உரை என்று எங்கே அறிவிப்பு வந்தாலும் அங்கே இருப்பார். பேரன் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்த கணக்கில் நுழைவதால் திரையில் அவர் பெயர் 'ரோல் நம்பர் 23, 5-பி'. உரையின் தலைப்பு பெரும்பாலும் 'தமிழ் நாடகம்: நேற்று, இன்று, நாளை' என்கிற மாதிரி இருக்கும். பேச்சாளர் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவைத் தொடங்கியதில் ஆரம்பித்து, சங்கரதாஸ் சுவாமிகளுக்கு வந்து சேர்வதற்குள் அரை மணி நேரம் ஆகியிருக்கும். பாக்கி ஐந்து நிமிஷத்தில் கூத்துப்பட்டறையை எட்டிப் பார்ப்பார். நாளைக்கு நேரம் இருக்காது.

நடுவில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். "யாரோ மைக் ஆன்ல வெச்சிருக்கீங்க, தயவுசெஞ்சு மியூட் பண்ணிக்குங்க" என்பார் ஒருங்கிணைப்பாளர். எல்லோரும் தங்களைச் சொல்லவில்லை என்று நினைப்பார்கள். பிறகு கேள்வி நேரம்.

"ரோல் நம்பர் 23 கையைத் தூக்கியிருக்கார். கேளுங்க தம்பி."

எழுபத்திரண்டு வயதுத் தம்பி தொண்டையைச் செருமிக்கொள்வார். "1968-ல சோவோட 'முகமது பின் துக்ளக்'கை நான் மேடையில பார்த்தப்போ..." என்று தொடங்கும். கடைசி வரை கேள்வி வராது. சபாவாக இருந்தால் வாட்ச்மேன் லைட்டை அணைத்து வழிக்குக் கொண்டுவருவார். ஜூமில் நாற்பது நிமிஷ இலவச நேரம் முடிந்து எல்லோரும் மொத்தமாகத் தூக்கியெறியப்பட்டால்தான் உண்டு.

அவருக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று இருக்கிறது. 2020 கோடையில் லண்டன் ஓல்ட் விக் அரங்கம் 'லங்ஸ்' நாடகத்தைக் காலி அரங்கிலிருந்து நேரலையாகக் கொடுத்தது. கிளேர் ஃபாயும் மேட் ஸ்மித்தும் ஒருவரை ஒருவர் தொடாமல் தள்ளி நின்றே நடித்தார்கள். அரங்கில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அந்தக் கணக்கில், ஒரு காட்சிக்கு சுமார் 1,000 டிக்கெட். விலை வழக்கம்போல 10 பவுண்டிலிருந்து 65 பவுண்ட் வரை. எல்லோருக்கும் தெரிவதோ ஒரே திரை, ஒரே கோணம்.

"அப்ப 65 கொடுக்கறவன் பைத்தியமா, பெரியப்பா?"

"உனக்குப் புரியாதுடா. முன் வரிசைங்கறது பார்க்கறதுக்கு இல்ல."

இது ஒன்றை மட்டும் அவர் முழுசாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

பெரியம்மா இந்த உலகத்துக்கு வெளியே இருந்தார், கீரை ஆய்ந்தபடி. நியூயார்க் பப்ளிக் தியேட்டர் ஜூமுக்கென்றே ரிச்சர்ட் நெல்சனை எழுதவைத்து 2020 ஏப்ரலில் ஒரு நாடகம் போட்டது. ஊரடங்கில் பிரிந்திருக்கும் ஒரு குடும்பம் ஜூமில் பேசிக்கொள்கிறது, அவ்வளவுதான் நாடகம். பெரியப்பா அதை வைத்து நவீன அரங்கம் பற்றி வகுப்பெடுத்தார். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நாம ஞாயித்துக்கிழமைதோறும் பண்றதுதானே? உங்க தங்கச்சி அழறது ஒண்ணுதான் இதுல இல்ல" என்றார்.

பிறகு சந்தா கட்டிப் பார்க்கும் தளம் வந்தது. வெளிநாட்டு மகள் பணம் கட்ட, பெரியப்பா பாதிப் பாதியாகப் பார்த்துத் தள்ளினார். 'ஜேன் அயர்' ஓடியபோது நானும் இருந்தேன். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்து நின்று, "இது 'சாந்தி நிலையம்' இல்ல? காஞ்சனா டீச்சரா வருவாளே, ஜெமினி வீட்டுக்கு" என்றார். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு மூலமே இந்தக் கதைதான் என்பதால் வாயைத் திறக்க வழியில்லை.

மேடையில் சிவப்பு கவுன் போட்ட ஒரு பெண் கதையில் ஒட்டாமல் அவ்வப்போது வந்து பாடிக்கொண்டே இருந்தாள்.

"யாருங்க அது? யாரும் அவகூடப் பேசவே மாட்டேங்கறாங்க?"

"அது குறியீடு."

"எதுக்கு?"

"கதாநாயகியோட ஆன்மாவுக்கு. நவீன நாடகத்துல அப்படித்தான். நீ போய் காபி கொண்டு வா." ரிமோட்டை அழுத்தினார். சிவப்பு கவுன் வாயைத் திறந்தபடியே நின்றது. அப்படியே மூன்று வாரம் நின்றது.

போன மாதம் மயிலாப்பூரில் பழைய குழு ஒன்று பழைய நாடகத்தை மறுபடி போட்டது. வற்புறுத்தி அழைத்துப் போனேன். கர்சீப் போட்டார், உட்கார்ந்தார். ஏ.சி. குளிர் என்றார், முன்னால் இருப்பவர் தலை பெரிசு என்றார், இண்டர்வெல்லில் போண்டா நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் மணி அடித்தபோது, "போதும்டா, கிளம்பலாம்" என்றார். ஆறு முழங்காலையும் கூச்சமே இல்லாமல் தாண்டி வந்தார்.

எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஹாலில் விளக்கு அணைந்திருந்தது. சோபாவின் இடது ஓரத்தில் பெரியம்மா காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் 'ஜேன் அயர்' முடிந்து நடிகர்கள் கைகோத்து வணங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா செருப்பைக் கழற்றாமலே நின்றார். பெரியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குறியீடு இல்லைங்க" என்றார். "மூத்த பொண்டாட்டி."