கால்வட்டத்தில் மேயும் பசு

வட்டத்தின் விளிம்பில் ஒரு பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அதற்கு வில் என்று பெயர். அவ்வில்லின் இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு நாண். மையத்திலிருந்து அம்முனைகளுக்குச் செல்லும் இரண்டு ஆரங்களும் வில்லும் சேர்ந்து வளைத்துக்கொள்ளும் இடம் வட்டக்கோணப்பகுதி. வில்லும் நாணும் இருக்கும் பாடத்தில் அம்பு எங்கே போயிற்று என்று ஐயுறுவோர், நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை உள்ள உயரத்தைப் பழைய வடமொழிக் கணித நூல்கள் சரம், அதாவது அம்பு, என்றே குறித்தன என்பதை அறிந்து ஆறுதல் கொள்ளலாம். இன்றைய எட்டாம் வகுப்புப் பாடம் அவ்வம்பைக் கைவிட்டுவிட்டாலும், அது தைப்பது மட்டும் நின்றபாடில்லை.

இரண்டு ஆரங்களுக்கும் இடையே மையத்தில் விரியும் கோணம் மையக்கோணம் எனப்படும். அதனை 360ஆல் வகுத்து, கிடைத்ததை முழு வட்டத்தின் சுற்றளவால் பெருக்கினால் வில்லின் நீளமும், முழுப் பரப்பால் பெருக்கினால் வட்டக்கோணப்பகுதியின் பரப்பும் வந்துவிடும். ஓர் ஊத்தப்பத்தை நால்வருக்குப் பங்கிடுவதற்கு மேல் இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. வில்லின் நீளம் கைக்கு வந்துவிட்டால், அதை ஆரத்தால் பெருக்கிப் பாதியாக்கினாலே பரப்பு கிடைத்துவிடும் என்ற குறுக்குவழியும் உண்டு. அது புதிதும் அன்று. அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு கிடைக்கும் என்று காரிநாயனாரின் கணக்கதிகாரம் சொல்லும் வழியும், ஆரத்தை ஒரு பக்கமாகவும் சுற்றளவை மறுபக்கமாகவும் கொண்ட செங்கோண முக்கோணத்தின் பரப்பே வட்டத்தின் பரப்பு என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியதும் இதே செய்திதான்.

இந்தப் பாடத்தின் உலகத்தில் ஆட்சி செய்வது ஏழு என்ற எண். சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பை, எந்தப் பின்னத்துக்கும் அடங்காதது. அதனைவிட மயிரிழை பெரிதான 22/7 பள்ளியில் அதன் பதிலாளாக அமர்த்தப்பட்டிருப்பதால், கீழே நிற்கும் ஏழினை அடித்துத் தள்ளுவதற்கு வசதியாக, கிணறு, தட்டு, பூங்கா, சக்கரம் எதுவாயினும் அதன் ஆரம் 7, 14, 21 என்றோ, போனால் போகிறது என்று 3.5 என்றோதான் வெட்டப்பட்டிருக்கும். விதிவிலக்காக, என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலில், 15 மீட்டர் பக்கமுள்ள சதுரப் புல்வெளியின் மூலையில் ஒரு குதிரை 5 மீட்டர்க் கயிற்றில் நிற்கிறது, அதற்கு 3.14 என்று வேறு தீவனம் வைத்திருக்கிறார்கள்.

நம் வகுப்புகளில் வழிவழியாக நிற்பது பசு. 28 மீட்டர் பக்கமுள்ள சதுர வயலின் ஒரு மூலையில் முளை அடித்து, 14 மீட்டர்க் கயிற்றில் அதைக் கட்டிவிட்டால், மூலையின் கோணம் 90 பாகை என்பதால், அது மேயும் பரப்பு 154 சதுர மீட்டர் என்று தசமப் புள்ளிக்கு வேலையே வைக்காமல் வந்து விழுகிறது. பையின் உண்மை மதிப்பைப் போட்டால் விடை 153.938, அதாவது 22/7 காட்டிய தாராளத்தால் பசுவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் புல்தரை ஏறக்குறைய 620 சதுர சென்டிமீட்டர், ஓர் ஏ4 தாளின் அளவு. விடைத்தாளில் ஒரு பக்கத்தைப் பசு தின்றுவிட்டதாகக் கொள்ளலாம்.

ஆனால் கயிறு கட்டப்படுவது கழுத்தில். புல்லைக் கடிப்பது வாய். கழுத்துக்கும் வாய்க்கும் இடையே உள்ள எட்டத்தை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆரம் 15 மீட்டராகி, பரப்பு 177 சதுர மீட்டரை நெருங்கிவிடுகிறது. வினாத்தாள் கணக்கில் சேர்க்காமல் விட்டது மட்டும் அரை சென்ட் நிலத்துக்கு மேல். முளையிலும் கழுத்திலும் போடும் முடிச்சுகள் விழுங்கும் கயிறு, தன் சாணம் விழுந்த இடத்தை மாடு மோந்துவிட்டு விலகிப்போவது ஆகியவை வேறு. ஏ4 தாளளவு பிழைக்கு அஞ்சி ஏழின் மடங்குகளைத் தேடி அலைபவர்கள் அரை சென்ட் கழுத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைத்தான் கயிறு திரிப்பது என்று ஊரில் சொல்வார்கள்.

உண்மையான வில் ஒன்றை அளக்கப் புறப்பட்டவர்களின் பாடு வேறு. பூமியின் வடிவத்தை அறிய, கன்னியாகுமரியிலிருந்து வடக்கே செல்லும் தீர்க்கக்கோட்டு வில்லின் நீளத்தை அளந்த வில்லியம் லாம்டன், 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தம் பணியைத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அவருடைய கோணமானியை, அரை டன் எடையுள்ள அந்தப் பொருளை, ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் குறிக்கும் அதன் வட்டமே நெளிந்துவிட்டது. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதை மீண்டும் வட்டமாக்கினார். பாடநூலில் கயிறு அறுவதுமில்லை, வட்டம் நெளிவதுமில்லை. நெளிவது மாணவர் மட்டுமே.

அவ்வாறு நெளிந்தோருள் இவ்வரிகளை எழுதுபவரும் ஒருவர். வட்டக்கோணப்பகுதியின் சுற்றளவு என்பது வில்லோடு இரண்டு ஆரங்களும் சேர்ந்தது. அதை மறந்து, அந்தப் பசு மேயும் கால்வட்டத்துக்கு வில்லின் நீளமான 22 மீட்டரை மட்டும் எழுதி, ஆரங்களுக்குரிய 28 மீட்டரைக் காற்றில் விட்டதால், 50 என்ற விடை கைநழுவி, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற சான்றிதழை வகுப்பு முழுவதும் கேட்கப் பெற்றவர் அவர். மாடு மேய்வதைப் பற்றிய கணக்கில் தவறியவரை மாடு மேய்க்க அனுப்புவது என்ன முறைமை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. உண்மையில் மாடு மேய்ப்பவர் எவரும் பதினான்கு மீட்டர்க் கயிற்றைக் கண்டால், இவ்வளவு நீளம் விட்டால் காலில் சுற்றிக்கொள்ளுமே என்றுதான் முதலில் கேட்பார். அக்கேள்விக்கு மதிப்பெண் இல்லை.

வினாவின் (ஆ) பிரிவில் அதே கயிறு 21 மீட்டராக நீள்கிறது. பசு கூடுதலாக மேயும் பரப்பு 192.5 சதுர மீட்டர். 'சதுர' என்பதை எழுத மறந்தால் அரை மதிப்பெண் குறைக்கப்படும்.