கிராம்சாமி

மலையேறப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. முதுகுப் பையை நிறுத்துப் பார்க்கத்தான் உலகில் மலை என்று ஒன்று இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னொரு வகை. சென்னையில் இந்த இரண்டாம் வகை பெருகிவிட்டது. ஐ.டி. கம்பெனிக்கு ஒருவராவது தேறுவார். வீட்டில் வைத்த பெயர் எதுவானாலும் நாம் அவரைக் கிராம்சாமி என்றே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கிலோசாமி என்றால்தான் கோபம் வரும்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடி பாதியோடு அறுபட்டிருக்கும். சட்டைக் காலரில் லேபிள் இருந்த இடத்தில் நூல் பிசிறு மட்டும் மிச்சம் இருக்கும். மனைவி கேக் செய்ய ஆசைப்பட்டு வாங்கிய டிஜிட்டல் தராசு அவர் மேஜைக்குக் குடிவந்து வெகு நாளாகிறது. அந்த வீட்டில் கேக் இப்போது குத்துமதிப்புதான்.

அவருக்குக் குலதெய்வமும் உண்டு. அமெரிக்காவின் எம்மா கேட்வுட் பாட்டி. 1955இல், 67 வயதில், தோளில் ஒரு துணி மூட்டையும் காலில் கான்வாஸ் ஷூவுமாக அப்பலாச்சியன் மலைப்பாதையின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடந்து முடித்தவர். பாட்டி பேச்செடுத்தாலே கிராம்சாமிக்குக் குரல் தழுதழுக்கும். அந்தப் பாட்டி பெரும்பாலும் அடுப்பே மூட்டாமல், கையில் இருந்ததைத் தின்றுவிட்டு நடந்தவர் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் அடுப்பு வாங்கும் வேலை நின்றுவிடுமே.

அடுப்பு விஷயத்துக்கு வருவோம். “டீ போட என்னப்பா எடுத்துட்டு வர்றே?” என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அன்றைய ராத்திரி போயிற்று.

“கேஸ் அடுப்பா? சிலிண்டர் காலியானாலும் அந்தத் தகரம் நூறு கிராம் இருக்கும். தீர்ந்துபோன சாமானை எவன் சுமப்பான்? பட்டாளத்துக்காரங்க வெச்சிருக்கிற ஹெக்ஸமின் வில்லையா? மீன் வாடை அடிக்கும், பாத்திரத்துக்கு அடியிலே பிசின் மாதிரி ஒட்டும். ஸ்வீடன்லே டிராங்கியான்னு ஒரு கம்பெனி. 1925லே ஆரம்பிச்சது, 1951லேர்ந்து ஸ்பிரிட் அடுப்பு பண்றான். உலகமே கும்பிடுது. ஆனா பர்னர் மட்டும் 110 கிராம். பித்தளைய்யா! மலைக்குக் குத்துவிளக்கா தூக்கிட்டுப் போறது?”

முடிவு என்னவென்றால், பீர் டின். இரண்டு டின்களின் அடிப்பாகத்தை அறுத்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நடுவில் தகரத்தால் ஒரு உள்சுவர் கொடுத்து, விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் ஓட்டை போட வேண்டும். உள்ளே ஊற்றிய ஸ்பிரிட் சூடேறி ஆவியாகி அந்த ஓட்டைகள் வழியே சின்னச் சின்னச் சுடர்களாக வரும். பம்பு இல்லை, திரி இல்லை, கெட்டுப்போக எதுவுமே இல்லை. எடை 15 கிராமைத் தாண்டாது.

இதில் ஒரே ஒரு சிக்கல். கிராம்சாமி பீரை மோந்துகூடப் பார்த்ததில்லை. டின்னுக்காக நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் காத்திருந்தார். முதலில் செய்தது ஒழுகியது, அடுத்தது சாய்ந்தது. ஆக, டின்கள் நிறையவே தேவைப்பட்டன. ஒரு நாள் வீடு பெருக்கிய அம்மா கட்டிலுக்கு அடியில் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டார்.

“எத்தனை நாளாடா இந்தப் பழக்கம்?”

“அம்மா, இது அடுப்பும்மா.”

“குடிக்கிறவன் எல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தான்டா சொல்லுவான். அடுப்புன்னு சொல்ற முதல் ஆள் நீதான்.”

அடுப்பு ஆயிற்று, எரிபொருள்? பெயின்ட் கடைக்குப் போய், “ஒரு லிட்டர் ஸ்பிரிட் குடுங்க, அண்ணாச்சி” என்றார். அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்தார். மெதிலேட்டட் ஸ்பிரிட்டுக்கும் வார்னிஷுக்கும் தமிழ்நாட்டில் 1959இலேயே தனி விதிகள் போட்டிருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் காவு வாங்கிய பிறகு, முன்பின் தெரியாத ஆள் ஸ்பிரிட் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். “எதுக்கு தம்பி?” என்றார் அண்ணாச்சி. “டீ போட” என்றார் கிராம்சாமி. சொல்லியிருக்கக் கூடாது. அப்புறம் மெடிக்கல் ஷாப். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சின்ன பாட்டில்களாக ஆறு கேட்டதும், “ஐயோ, யாருக்கு சார் அடிபட்டுச்சு?” என்று பதறினார் கடைக்காரப் பெண். கிராம்சாமியோ லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். எத்தனால் என்றால் சுத்தமாக எரியும். ஐசோபுரொப்பைல் என்றால் பாத்திரம் கரி பிடிக்கும். மெத்தனால் கைக்கும் மூச்சுக்கும் ஆகாத விஷம். அவர் கவலை அவருக்கு.

கணக்கில் ஒரு விஷயத்தை அவர் அடக்கியே வாசிப்பார். ஒரு கிலோ எத்தனாலில் இருக்கும் வெப்பம் சுமார் 27 மெகாஜூல். கேஸில் சுமார் 46. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 15லிருந்து 20 மில்லி ஸ்பிரிட் வேண்டும். காற்றடித்தால் இன்னும் கூடும். இரண்டு நாள் பயணத்துக்கு ஸ்பிரிட் லாபம்தான். நாள் கூடக் கூட அடுப்பில் மிச்சம் பிடித்த கனமெல்லாம் பாட்டிலில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிராம்சாமியின் மொத்தத் தத்துவமும் இதில் அடக்கம். கனம் எங்கும் போய்விடுவதில்லை, கைதான் மாறுகிறது. அந்த பாட்டிலை அவர் கூட வருகிற நண்பரின் பையில்தான் வைப்பார்.

போன குளிர்காலத்தில் நாங்கள் போனது நாராயணவனத்துக்கு. மாதவரத்தில் பஸ் ஏறி, ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகப் போனோம். ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் கைப்பிடித்த ஊர். கல்யாணச் செலவுக்குப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பதும், அதற்கு வட்டி கட்டத்தான் இன்றுவரை நாம் திருமலை உண்டியலில் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதும் ஊரறிந்த கதை. பாரத்தை அடுத்தவர் தலைக்கு மாற்றுவதில் கிராம்சாமிக்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் கிடையாது. கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

கோயிலில் ஒரு பெரிய திருகைக்கல் இருக்கிறது; கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்தது என்பார்கள். கிராம்சாமி அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பக்தி என்று நினைத்தோம். “என்ன எடை இருக்கும்?” என்றார். ஆனால் சொரக்காய் சுவாமி சமாதிக்குப் போனதும் ஆள் உருகிவிட்டார். காய்ந்த சுரைக்குடுக்கையே சொத்தாகச் சுற்றிய மகான். பெயரே அதனால் வந்தது. “முற்றிக் காய்ஞ்ச குடுக்கை. பிளாஸ்டிக் பாட்டில்கூட கிட்ட நிக்க முடியாது” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து கைலாசகோனா அருவிக்கு ஆட்டோ பிடித்தோம். அப்போதுதான் அவர் பையில் எது எது இல்லை என்பது தெரியவந்தது. கத்தி இல்லை: “உன்கிட்டே இருக்கே.” டார்ச் இல்லை: “நாலு பேருக்கு நாலு டார்ச்சா?” முதலுதவி டப்பாவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “புத்தூர் பக்கத்திலேதானே இருக்கு?” என்றார். எலும்பு முறிந்தவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ கட்டுப் போட வருகிற புத்தூரை முதலுதவி டப்பாக் கணக்கில் சேர்த்துக்கொண்ட ஒரே மலையேறி அவர்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெருப்பு விஷயத்தில் மனிதர் விளையாட மாட்டார். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டதை அவர் மறக்கவில்லை. ரிசர்வ் காட்டுக்குள் தீக்குச்சி உரசுவதே குற்றம் என்பார்; சருகு கிடக்கிற இடத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் சண்டைக்கே போவார். அதனால் அவருடைய அடுப்பு எரியலாம் என்று அவரே அனுமதிக்கிற இடம், காட்டுக்கு வெளியே, சிமென்ட் போட்ட தரை. அன்று அப்படிக் கிடைத்த ஒரே இடம் டீக்கடை வாசல்.

கடைக்காரம்மாவின் பாய்லருக்கு நாலடி தள்ளி கிராம்சாமி குந்தினார். டின்னில் இருபது மில்லி அளந்து ஊற்றினார். அலுமினியத் தாளைச் சுற்றி நிறுத்திக் காற்றுக்கு மறைப்புக் கட்டினார். குச்சியைக் கிழித்துக் காட்டினார். ஒன்றுமே தெரியவில்லை. வெயிலில் ஸ்பிரிட் ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றிக் கையைச் சுட்டுக்கொள்வது இந்த அடுப்புக்காரர்களின் பொதுவான விபத்து. அவர் விவரமானவர். ஒரு காய்ந்த புளிய இலையைக் காம்போடு பிடித்து மேலே நீட்டினார். இலை சுருண்டு கறுத்தது. “எரியுது!” என்றார். பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்துவைத்தால்கூட அப்படி ஒரு சந்தோஷம் வருமா, சந்தேகம்தான்.

கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். “இன்னா சாமி, கற்பூரம் அணைஞ்சிபோச்சா? வேற தரட்டுமா?”

“கற்பூரம் இல்லேம்மா, அடுப்பு.”

“இதுவா?” என்றவர், சற்று யோசித்து, “பாவம், ஒத்தை ஆளா சாமி நீ?” என்றார்.

தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. அதற்குள் அந்தம்மா ஒரு வேன் கூட்டத்துக்கே டீ ஆற்றிக் கொடுத்து, காசு வாங்கி, சில்லறையும் கொடுத்துவிட்டார். எங்களுக்குக் கிராம்சாமி கொடுத்தது பால் இல்லாத, சர்க்கரை இல்லாத, கொஞ்சம் ஸ்பிரிட் வாசனை கலந்த வெந்நீர். சர்க்கரையை எடையில் கழித்துவிட்டாராம். கடையில் இரண்டு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டோம்.

இவரோடு மலைக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். நல்ல மனிதர், நல்ல துணை. சாப்பாட்டை மட்டும் நீங்களே கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரை என்றால் விசேஷம், இரண்டு நாளானாலும் கெடாது. பாதி வழியில் அவர் உங்கள் பொட்டலத்தைப் பார்ப்பார். கொடுத்துவிடுங்கள். பாதிக்கு மேல் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தியா, உன் பையிலே முந்நூறு கிராம் குறைச்சுட்டேன்” என்பார். அதற்கு நீங்கள் நன்றி சொல்லாவிட்டால் அவருக்கு வருத்தமாக இருக்கும்.