குற்றவாளி மலைமேல்

2020 ஆகஸ்ட் 27-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் முடிந்ததும், கொரோனாவைக் கடவுளின் செயல் என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அந்த ஆண்டு வசூலில் விழும் துண்டு 2.35 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று வழியும் காட்டப்பட்டது.

திருத்தணிக்கு இது கொஞ்சம் சங்கடமான விஷயம். சம்பந்தப்பட்டவர் உள்ளூர்க்காரர் ஆயிற்றே! 365 படிக்கு மேலே குடியிருக்கிறார். ஆனால் அவரே மார்ச் முதல் பூட்டிய கதவுக்குள். ஆடிக் கிருத்திகைக்குக் கூடப் பக்தர் கூட்டம் ஏறவில்லை. நகரியிலிருந்து வர வேண்டிய காவடிக்கு மாநில எல்லையில் இ-பாஸ் வேறு. வீட்டுக்காவலில் இருந்தபடியே ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கவிழ்த்தார் என்றால், சூரசம்ஹாரமெல்லாம் சும்மா.

அரசும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மே மாதமே 20 லட்சம் கோடி அறிவித்து, அதை ஐந்து நாள் தவணையில் விளக்கியது. கேட்கக் கேட்க அதில் பெரும்பகுதி கடனாகவும் கடன் உத்தரவாதமாகவும் இருந்தது. தெருவோர வியாபாரிக்குப் பத்தாயிரம். அடிவாரத்தில் பூ கட்டும் அம்மா நாரை நறுக்கியபடி கேட்டார்: "கடன் குடுக்கறாங்க, சரி. பூ வாங்க ஆளும் குடுப்பாங்களா சார்?" பக்கத்துக் கடையில் தேங்காய் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டிருந்தது.

ஆகஸ்ட் 31-ல் கணக்கு வந்தது: ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜி.டி.பி. 23.9 சதவீதம் சரிவு. மறுநாளே தமிழ்நாட்டில் கோயில்கள் திறந்தன. "சாமிக்கு ஜாமீன் கெடச்சிருச்சு, நமக்குத்தான் இன்னும் வாய்தா" என்றார் தேங்காய்க் கடைக்காரர்.