கனோசா கோட்டை வாசலில் ஓர் அரசர்

கேள்வி: பெரும்படை இல்லாத போப்பாண்டவருக்கு ஐரோப்பிய மன்னர்கள் ஏன் அஞ்சினார்கள்?

பதில்: போப்பாண்டவரைவிடத் தம் சொந்தப் பிரபுக்களுக்கே மன்னர்கள் அதிகம் அஞ்சினார்கள். ஆயர்களை நியமித்து, பதவிச் சின்னங்களான மோதிரத்தையும் கோலையும் வழங்கும் உரிமை யாருக்கு என்று மூண்ட பூசலில், போப்பாண்டவர் ஏழாம் கிரகோரி 1076இல் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றியைத் திருச்சபையின் உறவிலிருந்து விலக்கிவைத்து, குடிகள் அவருக்குச் செய்திருந்த விசுவாசப் பிரமாணமும் இனிச் செல்லாது என்று அறிவித்தார். கிளர்ச்சிக்கு நல்ல நாள் பார்த்துக் காத்திருந்த பிரபுக்களுக்கு இதைவிடப் புண்ணியமான சாக்கு கிடைத்திருக்காது. ஓராண்டுக்குள் விலக்கு நீங்காவிட்டால் அரியணை இல்லை என்று அவர்கள் கெடு விதிக்கவே, ஹென்றி கடுங்குளிரில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, 1077 சனவரியில் கிரகோரி தங்கியிருந்த, இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் தவக்கோலத்தில் நின்றார். மனம் வருந்தி வந்தவரை ஒரு குருவானவர் திருப்பி அனுப்புவது எளிதல்ல என்பதை அரசர் அறிந்தே இருந்திருப்பார். விலக்கும் நீங்கியது. ஆகவே அங்கே பணிந்தவர் யார், மாட்டிக்கொண்டவர் யார் என்பது விவாதத்துக்குரியது. 1080இல் அதே தண்டனை மீண்டும் விதிக்கப்பட்டபோது அது முன்போலப் பலிக்கவில்லை. ஹென்றி, எதிர்ப்போப்பாக, அதாவது பதவியில் இருக்கும் போப்புக்குப் போட்டியாக, மூன்றாம் கிளமென்டை நிறுத்தி, 1084இல் ரோமில் அவர் கையாலேயே பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். கிரகோரி மறு ஆண்டு சலேர்னோவில் ஊர் துறந்தவராக இறந்தார். மோதிரமும் கோலும் பற்றிய வழக்கு 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில்தான் தீர்ந்தது. அதற்குள் வாதி, பிரதிவாதி இருவருமே உயிரோடு இல்லை.